காது மெஷினும் ஒரு கிட்டார் பாட்டும்: டர்பனிலிருந்து ஒரு பழைய சுபேதாரின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, சங்கீதம் தெரிந்தவனும் இல்லை. மதராஸ் ரெஜிமென்டில் 28 வருஷம் இருந்து சுபேதாராக ரிடையர் ஆனவன். மகளுக்குத் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில் வேலை கிடைத்து சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு எடுத்ததால், மூன்று வருஷமாக நானும் இங்கேதான். எட்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினேன். அதைப் பற்றித்தான் இது. கம்பெனிப் பெயரையும் கிளினிக் பெயரையும் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி இந்த ரக மெஷின்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஒருத்தரை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயம் இல்லை.

காது போன கதை சின்னது. 106 ஆர்.சி.எல். கன் என்று ஒன்று உண்டு. ஜீப் மேல் ஏற்றி வைத்த நீளக் குழாய், டாங்கியை அடிப்பதற்கு. சுட்டால் முன்னால் குண்டு போகும், பின்னால் நெருப்பும் புழுதியும் போகும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு நெஞ்சுக்கூடே ஒரு தடவை கழன்று மாட்டின மாதிரி இருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நாங்கள் இளவட்டம், பஞ்சு வைத்தவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வோம். அந்தக் கேலிக்குத்தான் இப்போது 38,000 ரேண்ட் கொடுத்திருக்கிறேன்.

கிளினிக்கில் டெஸ்ட் எடுத்த பெண் தமிழ் வம்சாவளி. பெயரில் மட்டும் தமிழ் மிச்சம் இருக்கிறது, பேச்சு முழுக்க இங்கிலீஷ். என்னை ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிட்டாள், இங்கே இந்தியர்கள் வயசானவர் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். அப்புறம் கிராஃபைக் காட்டினாள். கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறியது. “துப்பாக்கியா, ஃபேக்டரியா அங்கிள்?” என்று கேட்டாள். நான் அதுவரை என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய சத்தத்தில் காது கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழுமாம்.

அதனால் என்ன ஆகும் என்றால், சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. ஆ, ஓ எல்லாம் நன்றாகவே வந்து சேரும். மெய்யெழுத்துதான் வழியில் தொலைந்துவிடும். மகள் ‘சட்டி’ என்றால் எனக்குக் ‘கட்டி’, ‘பாட்டு’ என்றால் ‘காட்டு’. நான் பதில் சொல்வதைப் பார்த்து பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். இது போக, காதுக்குள் இருபது வருஷமாக ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. இரவில் எல்லோரும் தூங்கின பிறகு அது மட்டும் டியூட்டியில் இருக்கும்.

மெஷின் காதின் பின்னால் உட்காரும் வகை. முந்திரிப்பருப்பு அளவுதான். மெல்லிய ஒயர் ஒன்று காதுக்குள் போகும், அதன் நுனியில் ரப்பர் குடை. மாட்டிக்கொண்ட முதல் நாள் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் பை சரசரத்தால் கோபம் வந்தது. மறுநாள் விடியற்காலையில் ஹடீடா கத்தியது. டர்பனில் இருப்பவர்களுக்கு அந்தப் பறவையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: நீள மூக்கு, சாம்பல் உடம்பு, கூரை மேல் உட்கார்ந்து யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி கத்தும். மூன்று வருஷமாக அது இவ்வளவு சத்தம் போடுகிறது என்றே எனக்குத் தெரியாது. மினிபஸ் டாக்ஸியைப் பற்றி எழுதவே வேண்டாம். அதில் ஏறினால் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுகிறேன்.

பேச்சுக்கு மெஷின் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் மூளை பழகிவிட்டது. சட்டி சட்டியாகவே கேட்கிறது. ஆனால் நான் மெஷின் வாங்கினது பேச்சுக்காக மட்டும் இல்லை. ஒரு பாட்டுக்காகவும்தான்.

1986 கடைசியில் ராஜஸ்தான் பாலைவனத்தில் ‘பிராஸ்டாக்ஸ்’ என்ற பெரிய பயிற்சி தொடங்கியது. மாதக்கணக்கில் மணலில் கிடந்தோம். எங்கள் கேப்டன் குடகுக்காரர், என்னைவிட ஒரு வயசு சின்னவர். அவரிடம் ஒரு டேப் ரெக்கார்டர், ஒரே ஒரு கேசட். ராத்திரி லங்கரில் சாப்பாடு முடிந்து, ஆளுக்கு ஒரு பெக் ரம் உள்ளே போனதும் அதைப் போடுவார். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்றார். அது ஒரு பிரிட்டிஷ் ராக் இசைக்குழு. ஜீப் டயர் சம்பந்தமான ஏதோ கம்பெனி என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடித்தது அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’. கடைசி என்பதால் கேசட்டைத் திருப்பிப் போட்டு ஓடவிட்டுத் தேட வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்க, கேசட்டைப் பென்சிலால் சுற்றும்படி என்னிடம் சொல்வார். அப்படியும் பாட்டு பாதியில் இருக்கும்போது பேட்டரி இறங்கி, கிட்டார் இழுத்து இழுத்து அழும். அதுதான் பாட்டின் அமைப்பு என்றே பல நாள் நினைத்தேன்.

வார்த்தை எதுவும் புரியாது. நான் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். பட்டாளத்தில் ஆர்டர் எல்லாம் இந்தியில். பாடுகிறவரோ தனக்குத்தானே முணுமுணுக்கிற ஆள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆரம்பத்தில் தூரத்தில் உருளும் இடி, அடியில் ஆர்கன், அப்புறம் அந்தக் கிட்டார். ‘மலையில் மூடுபனி, ஒரு சிப்பாய் பாடுகிறான்’ என்று கேப்டன் ஒருநாள் சொன்னார். எனக்கு உடனே வெலிங்டன் ஞாபகம். நீலகிரியில் எங்கள் ரெஜிமென்டல் சென்டர். ரங்ரூட்டாக, அதாவது புதுச் சிப்பாயாக இருந்தபோது காலை பரேடில் பனி இறங்கினால் முன்னால் நிற்பவனின் முதுகு தெரியாது, ஹவில்தாரின் குரல் மட்டும் வரும். மார்க் நாப்ஃளர் பாடின மலை வேறு மலைதான். 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் ஃபாக்லாந்து தீவுகளுக்காக 74 நாள் அடித்துக்கொண்டபோது அவர் எழுதியது. அதெல்லாம் தெரிந்துகொண்டது பின்னால். எனக்கு அது வெலிங்டன் பாட்டு.

இந்திய அமைதிப் படையில் இலங்கைக்குப் போன இடத்தில், அந்த கேப்டன் 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். கேசட் என்ன ஆனதென்று தெரியாது.

சரி, மெஷினுக்கு வருவோம். வாங்கின வாரமே மகளின் ஸ்டீரியோவில் அந்தப் பாட்டைப் போடச் சொன்னேன். இடியைக் காணோம். ஆர்கன் ஆரம்பித்து அப்படியே அமுங்கிப் போனது. கிட்டார் வந்ததும் நீளமாக இழுக்கும் ஒவ்வொரு சுரமும் குளிர்காய்ச்சல்காரன் பல் மாதிரி நடுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏமாற்றத்தில். மெஷின் இல்லாமல் கேட்டால்கூட இதைவிட நன்றாக இருந்தது.

கிளினிக்குக்குத் திரும்பப் போனேன். அந்தப் பெண்தான் பொறுமையாக விளக்கினாள். அவளுக்கு நூற்றுக்கு நூறு. மெஷினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, மனுஷப் பேச்சு. ஒரே சீராகத் தொடர்ந்து ஓடும் எந்தச் சத்தத்தையும் அது ஃபேன், ஏசி, லாரி என்று முடிவுகட்டி அமுக்கிவிடும். இடியும் ஆர்கனும் அதன் கணக்கில் லாரி. அடுத்தது, காது மெஷினுக்கு ‘கீ’ என்று விசிலடிக்கும் வியாதி உண்டு. பேத்தியைக் கட்டிப்பிடித்தால், தலையணையில் சாய்ந்தால் அடிக்கும். அதைத் தடுக்க உள்ளே ஒரு காவல்காரன். நீளமாக, சுத்தமாக ஒரு சுரம் வந்தால் அவனுக்கு அது விசில்தான். பிடித்து அடக்கப் பார்ப்பான். அந்த இழுபறிதான் நடுக்கம். நாப்ஃளரின் கிட்டாரோ நீளமாக இழுக்கும் சுரத்தாலேயே ஆனது. பாட்டு முழுக்க என் காதில் அவர் காவல்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கு வழி, ‘மியூசிக் புரோகிராம்’ என்று தனியாக ஒன்றைப் போட்டுத் தருவது. அதில் இரைச்சலை அமுக்கும் வேலை நிறுத்தப்படும், காவல்காரனைப் பாதித் தூக்கத்தில் வைப்பார்கள், சின்னச் சத்தத்தைத் தூக்கிப் பெரிய சத்தத்தைத் தட்டும் வேலையையும் குறைத்துவிடுவார்கள். பட்டனை ஒரு தடவை அழுத்தினால் பாட்டு, மறுபடி அழுத்தினால் பேச்சு. இதைக் கேட்காமல் யாரும் தரமாட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு வருத்தம் என்னவென்றால், வாங்கும்போதே இசை கேட்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு வருஷத்துக்கு அட்ஜஸ்ட்மென்ட் இலவசம் என்று சொல்லிவிட்டு, இது அட்ஜஸ்ட்மென்ட் இல்லை, புது புரோகிராம் என்று கவுன்டரில் 450 ரேண்ட் வாங்கினார்கள். சண்டை போட்டேன். பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ரப்பர் குடையையும் மாற்றினோம். முதலில் போட்டது ஓட்டை உள்ள குடை, என் குரல் குடத்துக்குள் கேட்காமல் இருக்க. ஆனால் அந்த ஓட்டை வழியாக அடித்தொண்டைச் சத்தம் எல்லாம் வெளியே ஒழுகிவிடும். போனிலிருந்து புளூடூத்தில் நேரே பாட்டை விட்டபோது ஆர்கன் கொசு மாதிரிக் கேட்டதற்கு அதுதான் காரணம். இப்போது மூடின குடை. குடம் கொஞ்சம் திரும்ப வந்துவிட்டது, பரவாயில்லை. பாட்டு முழுசாக வருகிறது. இடி இடது பக்கம் தூரத்தில் எங்கோ உருள்கிறது. அதைக் கேட்டபோது மணல் வாசனையே வந்தது.

இந்த மியூசிக் புரோகிராம் விஷயத்தை முதலில் காதில் போட்டது கிளினிக் இல்லை, ஒரு எலெக்ட்ரீஷியன். அந்தக் கதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு எழுபது வயசுக்கு மேல். தாத்தாவின் தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர். தமிழில் அண்ணா, அக்கா, தண்ணி, சாமி என்று ஒரு கைப்பிடி வார்த்தை இருக்கிறது அவரிடம். 1970களில் டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனியாக இருந்த கடற்படைப் பயிற்சி முகாமில் சேர்ந்தவர். அதற்கு வைத்த பெயர் ‘ஜலசேனா’. அப்போது வெள்ளைக்காரப் பையன்களுக்குப் பட்டாளம் கட்டாயமாக இருந்தது, 1977-லிருந்து இரண்டு வருஷம். இந்தியர்களுக்குக் கட்டாயம் இல்லை, இவர் சம்பளத்துக்காகத் தானாகப் போனார். தெருவில் பாதிப் பேர் அப்போது பேச்சை நிறுத்திவிட்டார்களாம்.

அவர்தான் என்னை ஒரு வெள்ளிக்கிழமை பழைய ராணுவக்காரர்கள் கூடும் இடத்துக்குக் கூட்டிப்போனார். ‘டின் ஹாட்ஸ்’ என்று ஒரு சங்கம், சார்ல்ஸ் எவென்டன் என்பவர் 1927-இல் இதே டர்பனில் தொடங்கியது. கிளைகளுக்கு ‘ஷெல்ஹோல்’ என்று பெயர், குண்டு விழுந்த பள்ளம். உள்ளே போனால் சுவர் முழுக்கத் தொப்பியும் பட்டயமும். ஒரு சின்ன பார், வெளியே கரி அடுப்பில் இறைச்சி. ரம் கேட்டேன், கோலா ஊற்றிக் கொடுத்தார்கள். அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்காதது.

மூலையில் ஒருத்தர் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர், வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர், 1987-88-இல் தென்னாப்பிரிக்கப் படையோடு அங்கோலாவில் சண்டையில் இருந்தவர். யாரோ 1965-இல் வந்த அனிமல்ஸ் குழுவின் பாட்டு ஒன்றைக் கேட்டார்கள். இந்த இடத்தை விட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்று வரும். வியட்நாமில் இருந்த அமெரிக்க சிப்பாய்கள் அதைத் தங்கள் பாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள். அடுத்தது என்ன என்றார். நான் வாயைத் திறந்து டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்றேன். அவர் என் காதைப் பார்த்தார், தன் காதைக் காட்டினார். அங்கேயும் ஒரு முந்திரிப்பருப்பு. மியூசிக் புரோகிராம் போட்டாச்சா என்று கேட்டதுதான் எங்கள் முதல் பேச்சு.

அன்று நிறைய பேசினோம், என் இங்கிலீஷுக்கு அது நிறைய. அவர் முகாமிலும் அந்த கேசட்தான் ஓடியதாம். 1988 ஜூனில் லண்டன் வெம்ப்ளியில் மண்டேலாவின் 70-ஆவது பிறந்தநாளுக்கு நடந்த பெரிய கச்சேரியில் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் இதே பாட்டைப் பாடியது. மண்டேலா அப்போது ஜெயிலில். “அவரை ஜெயிலில் வைத்த அரசாங்கத்தின் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு நான் அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்” என்று சொல்லிவிட்டு, கிட்டாரின் ஒரு ஆணியைத் தேவையில்லாமல் திருகினார். இன்னொன்றும் கணக்குப் போட்டோம். தென்னாப்பிரிக்கா பிடித்துவைத்திருந்த நமீபியாவுக்குச் சுதந்திரம் 1990 மார்ச் 21. எங்கள் அமைதிப் படையின் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது மார்ச் 24. மூன்று நாள் வித்தியாசம்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இது சாவு வீட்டுப் பாட்டாகவே ஆகிவிட்டது, சிப்பாய்களின் அடக்கத்தில் போடுவார்கள். ஃபாக்லாந்தின் 25-ஆம் வருஷம், 2007-இல், மனசு உடைந்துபோன பழைய சிப்பாய்களுக்கு உதவ நாப்ஃளர் அதைத் திரும்பப் பாடிப் பதிவு செய்து வெளியிட்டார்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மட்டும் இந்தப் பாட்டு பிடிக்காது. காரில் திரும்பும்போது சொன்னார்: “உங்க ரெண்டு பேருக்கும் பிரதர்ஸ் இருந்தாங்க அண்ணா. என்னைத் தனித் தீவில் வெச்சிருந்தாங்க.” என்னைவிட வயசில் மூத்தவர், என்னை அண்ணா என்கிறார். இங்கே அது மரியாதை. நான் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தால்தானே.

எலெக்ட்ரீஷியன் எனக்குப் பாட்டின் வார்த்தைகளை ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். கிளினிக்கில் மியூசிக் புரோகிராம் போட்ட மறுநாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அதில் பாட்டைப் போட்டுக்கொண்டு, காகிதத்தை மடியில் வைத்து வரி வரியாக விரலை நகர்த்திக் கேட்டேன். பேத்தி பாடம் படிக்கிற மாதிரி. செத்துக்கொண்டிருக்கிற சிப்பாய் கூட்டாளிகளிடம் பேசுகிறான். நீங்கள் ஒருநாள் உங்கள் ஊருக்கும் வயலுக்கும் திரும்பிப் போவீர்கள் என்கிறான். அது வரைக்கும் சரி, எந்தப் பட்டாளத்துப் பாட்டிலும் இருப்பதுதான். கடைசியில்தான், சகோதரர்கள் மேலேயே சண்டைக்குப் போகிற நாம் முட்டாள்கள் என்று முடிகிறது.

கேப்டனுக்கு இந்த வார்த்தை எல்லாம் புரிந்திருக்கும். பாலைவனத்தில் உட்கார்ந்து தினம் கேட்டார். எனக்குச் சொல்லவில்லை, மூடுபனியை மட்டும் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “தம்பி, நீங்கள் தமிழோ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை. அந்தக் கேள்வி என் காதில் விழ மெஷின் தேவைப்படவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். சார்ஜ் போடும் வகையும் உண்டு, கரன்ட் போனால் கதை முடிந்தது என்பதால் நான் பேட்டரி வகையே எடுத்தேன். என் மெஷினுக்கு 312 நம்பர் பேட்டரி, பழுப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கரைப் பிய்த்ததும் உடனே உள்ளே தள்ளாதீர்கள், காற்றுப் பட்டுத்தான் அதற்கு உயிர் வரும். ஒரு நிமிஷம் மேஜையில் வையுங்கள். எனக்கு ஒரு வாரம் வருகிறது, போனில் பாட்டு அதிகம் கேட்டால் ஐந்து நாள். டர்பன் புழுக்கத்துக்கு ஈரம் உறிஞ்சும் குண்டுமணி போட்ட ஜாடி கட்டாயம், ராத்திரி அதற்குள்தான் படுக்கை. பேட்டரி மூடி மகா மட்டம், என் விரலுக்கு நகமே போதவில்லை, குண்டூசியால் திறக்கிறேன். சில்வண்டு போகவில்லை, ஆனால் பகலில் மற்ற சத்தங்களுக்கு நடுவில் ஒதுங்கிக்கொள்கிறது. வாங்குமுன் உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போனில் எடுத்துப்போய் கிளினிக்கிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அரை மார்க் மூடிக்கு, அரை மார்க் அந்த 450 ரேண்டுக்கு. இதை எழுதும்போதே இடது காது இரண்டு தடவை ‘பீப்’ அடித்துவிட்டது, குண்டூசியைத் தேட வேண்டும்.